பின்கட்டுக்குப் பின்னால் 42 சென்ட்

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. எனக்கு வயது 72. கணவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் சென்னையிலும் இளையவன் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டின் பின்கட்டை ஒட்டி 42 சென்ட் இடம். அதில் கிணறு, மாட்டுத் தொழுவம், ஐந்து தென்னை, ஒரு வில்வ மரம். அதற்கு வடக்கே ஊருணி. இந்த இடத்தை என் மாமனாரின் தகப்பனார் 1938இல் கிரயம் வாங்கிய பத்திரம் பெட்டியில் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் பட்டா கேட்டோம். ‘அரசுப் புறம்போக்கு எனக் கணக்கில் உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மேலே எதுவும் செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போது அந்த இடத்தில் ஊராட்சிக் கட்டடம் வரப்போகிறதாம். ஆக்கிரமிப்பை ஏன் அகற்றக் கூடாது என்று 15 நாளில் விளக்கம் கேட்டு தாசில்தாரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆறு நாள் கழிந்துவிட்டது. உடனே மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றக் கிளையில் தடை வாங்கலாம் என்கிறார் ஒரு பங்காளி. ஒப்படை கேட்டு மனுக் கொடுங்கள், பட்டா வாங்கித் தருகிறேன் என்கிறார் தாலுகா அலுவலகத்துக்கு அடிக்கடி போய்வரும் ஒருவர். எதைச் செய்வது, தம்பி?

பதில்: ஆச்சி, வணக்கம். அந்த இரண்டையும் இந்த வாரம் செய்யாதீர்கள். ஒப்படை மனுவை எந்த வாரமும் கொடுக்காதீர்கள்.

முதலில் ஒப்படையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசு தன்னுடைய நிலத்தை ஒருவருக்குக் கொடுப்பதுதான் ஒப்படை. ‘எனக்கு ஒப்படை செய்து தாருங்கள்’ என்று கையெழுத்துப் போட்டால், ‘இந்த நிலம் உங்களுடையது, எனக்குக் கொடுங்கள்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பின்னாளில் நீதிமன்றத்தில் 1938ஆம் ஆண்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டும்போது, அரசு வழக்கறிஞர் அந்த மனுவின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். அதற்குப் பதில் சொல்வது மிகக் கடினம். நல்ல பத்திரம் இருந்தும் இந்த ஒரு காகிதத்தால் தோற்ற கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த யோசனையைச் சொன்னவர்கள் எல்லாரும் உதவி செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் வீட்டில் விசாரியுங்கள். எப்போதாவது ‘பி மெமோ’ வந்து, அதற்குப் பணம் கட்டிய ரசீது இருக்கிறதா? பி மெமோ என்பது புறம்போக்கை அனுபவிப்பவரிடம் அபராதத் தீர்வை வசூலிக்கக் கொடுப்பது. வீட்டுக் காவலுக்கு இருந்தவர், விவரம் தெரியாமல், ‘அரசாங்கப் பணம்தானே’ என்று கட்டியிருக்கக்கூடும். கட்டியிருந்தால் மறைக்காதீர்கள். உங்கள் வழக்கறிஞருக்கு முதல் நாளே தெரிந்தாக வேண்டிய செய்தி அது.

இனி நோட்டீசுக்கு வருவோம். உங்களுக்கு வந்திருப்பது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படியான முன்னறிவிப்பு என்று நீங்கள் அனுப்பிய நகலிலிருந்து தெரிகிறது. அதற்கு விளக்கம் கேட்டபின், அதே சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி வெளியேற்ற உத்தரவு போடலாம். உத்தரவு இன்னும் வரவில்லை, விளக்கம்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு வந்த கட்டத்திலேயே உயர் நீதிமன்றத்துக்குப் போனால், ‘விளக்கம் கேட்டிருக்கிறார்கள், போய்ச் சொல்லுங்கள்’ என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். பணமும் நாளும் போகும். நோட்டீசுக்குப் பதில் சொல்ல உங்களுக்கு இருப்பது இன்னும் ஒன்பதே நாள்.

அந்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவை நீங்களே ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சாலைகள், ஆறுகள், ஏரிகள், யாருக்கும் உரிமையில்லாத நிலங்கள் எல்லாம் அரசின் சொத்து என்று அந்தப் பிரிவு அறிவிக்கிறது. உடனேயே விலக்குகளையும் சொல்கிறது. கோயில் மனை, உரிமையோடு வைத்திருக்கும் வீட்டு மனை, வீட்டுக் கொல்லை ஆகியவை அரசின் சொத்தாகா. ஆம், கொல்லையும் அந்த விலக்கில் இருக்கிறது. நூற்றிருபது ஆண்டு பழைய சட்டம், வெள்ளைக்காரன் எழுதியது, அதில்கூட ஒருவர் வீட்டின் பின்புறத்தை அரசு தன்னுடையது என்று சொல்லக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எனவே உங்கள் வழக்கின் முதல் கேள்வி இதுதான்: அந்த 42 சென்ட் வீட்டுக் கொல்லையா, தனித் தோப்பா, அல்லது ஊருணிக் கரையா?

நம் ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை புரியும். முகப்பு ஒரு தெருவில் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கொல்லை என்பது அந்த வீட்டின் உறுப்பு. கலியாணத்துக்குப் பந்தி போட்ட இடமும் விறகு அடுக்கிய இடமும் மாடு கட்டிய இடமும் அதுதான். காரைக்குடிப் பக்கம் அன்றைக்கு சிவகங்கை ஜமீனைச் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீனிலிருந்த தரிசு, புறம்போக்கு, காடு, கண்மாய் எல்லாவற்றையும் அரசுக்கு மாற்றியது. இதைத்தான் வருவாய்த் துறையினர் சொல்வார்கள். ஆனால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, தனியார் கட்டடங்கள் அவற்றின் உரிமையாளர்களையே சேரும் என்கிறது. கட்டடம் என்றால் அது நிற்கும் மனையும், அதைச் சார்ந்து அனுபவிக்கப்படும் ஒட்டிய இடமும் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. உங்கள் கிணறும் தொழுவமும் அந்த ‘ஒட்டிய இடம்’ என்று காட்ட முடிந்தால், ஜமீன் ஒழிந்த அன்று அந்த 42 சென்ட் அரசுக்குப் போகவே இல்லை.

(திருமயம் பக்கம், ராயவரம், நச்சாந்துபட்டி போன்ற ஊர்களிலிருந்து இதைப் படிப்பவர்கள் இந்தப் பத்தியை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். அவை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை. 1948இல்தான் இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்தன. அங்கே பழைய கணக்குகளின் வழியே வேறு.)

தோப்பு என்றால் கதை மாறும். தோப்புக்குத் தீர்வை உண்டு. ஜமீன் காலத்து ரசீது இருக்க வேண்டும். ஜமீன் ஒழிப்புக்குப் பின் ரயத்துவாரி பட்டா, அதாவது அரசுக்கே நேரடியாகத் தீர்வை கட்டும் பட்டா, வாங்கியிருக்க வேண்டும். வீட்டு நத்தத்துக்கு அப்படித் தீர்வை கிடையாது. ஆகவே ‘தீர்வை ரசீது ஒன்றுகூட இல்லையே’ என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதற்காகக் கலங்க வேண்டாம். கொல்லைக்கு ரசீது இல்லாமல் இருப்பது இயல்பு. ஊராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி ரசீதுகளைத் தேடுங்கள். அவைதான் உங்களுக்குப் பேசும்.

ஊருணிக் கரை என்றால் கதை இன்னும் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படியானால் கணக்கில் ‘புறம்போக்கு’ என்று எப்படி ஏறியது? 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பழைய சர்வே எண்கள் உட்பிரிவாகி, கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. என்னிடம் வந்த வழக்குக் கட்டுகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது: வீடு பூட்டிக் கிடந்தது, சொந்தக்காரர் மலேயாவிலோ சென்னையிலோ இருந்தார், கணக்கெடுக்க வந்தவரிடம் பத்திரத்தைக் காட்ட ஆள் இல்லை, சாவி வைத்திருந்தவருக்கு நிலத்தின் விவரம் தெரியாது, பட்டாதாரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘சர்க்கார் புறம்போக்கு’ ஏறிவிட்டது. யாரோ தீய எண்ணத்தோடு செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து அந்த ஒரு வரியையே ஆதாரமாகக் காட்டி ஒரு குடும்பத்தை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று அழைப்பது அநியாயம். பட்டா என்பது வரிக் கணக்குக்கான பதிவு, அது உரிமை ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லிவிட்டது. உங்களிடம் பட்டா இல்லாததால் உரிமை போய்விடவில்லை. அதே நியாயப்படி, அரசின் கணக்கில் புறம்போக்கு என்றிருப்பதாலும் அது அரசுக்கு உரிமை ஆகிவிடாது.

ஆகவே தேட வேண்டியது யு.டி.ஆருக்கு முந்தைய காகிதம். பழைய ‘அ’ பதிவேடு (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு), ஜமீன் ஒழிப்புக்குப் பின் நடந்த செட்டில்மென்ட் பதிவேடு, பழைய புலப்படம், பழைய சர்வே எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள ஒப்பீடு. இவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு இன்றே மனுப் போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் தனியாக ஒரு மனு அனுப்புங்கள், அதற்கு 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வில்லங்கச் சான்று கணினியில் பிற்கால ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். 1938க்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய பேரேட்டில் தேடச் சொல்ல வேண்டும். பழைய காகிதங்களில் ஆண்டு பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டில், இருக்கும். ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால், ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். 1938 ஜூலைக்குப் பின் எழுதிய பத்திரமானால் பசலி 1348. தமிழ் ஆண்டு எழுதியிருந்தால் வெகுதானிய வருஷம் என்றிருக்கும். சித்திரைக்கு முன் எழுதியது என்றால் ஈஸ்வர வருஷம்.

பத்திரத்தில் பரப்பைவிட முக்கியம் நான்கெல்லை. அந்தக் காலத்தில் குழிக்கணக்கில் எழுதிய பரப்பு, இன்றைய சென்ட் கணக்கோடு அச்சாகப் பொருந்தாது. பரப்பும் எல்லையும் முரண்பட்டால் எல்லைக்கே நீதிமன்றங்கள் முதலிடம் தரும். ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு, ஊருணிக் கரைக்குத் தெற்கு’ என்று ஒரு வரி இருந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள். 30 ஆண்டு கடந்த பத்திரம், இருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால், அதன் கையெழுத்தும் எழுத்தும் உண்மையென்று நீதிமன்றம் கொள்ளலாம். எழுதியவரையும் சாட்சிகளையும் தேட வேண்டியதில்லை. ஆனால் விற்றவருக்கு உரிமை இருந்ததா என்பதை அது தானாகவே மெய்ப்பித்துவிடாது. விற்றவருக்கு அது எப்படி வந்தது என்று பத்திரத்தின் முகப்பில் எழுதியிருப்பார்கள். அந்த மூலப் பத்திரத்தையும் தேடுங்கள்.

காகிதம் மட்டும் போதாது. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு வழக்கில், நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையரோடும் சர்வேயரோடும் ஒரு பின்கட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கட்சிக்காரரான ஆச்சிக்கு எண்பது வயது. பத்திரங்களை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, அந்த ஆச்சி எழுந்து வந்து கிணற்றுக் கைப்பிடிச் சுவரைக் காட்டினார். பாசி படிந்து பச்சையாக இருந்தது. தேங்காய் நாரை நனைத்து அவரே தேய்த்தார். கல்லில் வெட்டிய எழுத்து மெல்ல வெளியே வந்தது: ‘பவ வருஷம் ஆவணி மாதம்’. அதற்குக் கீழே அவருடைய மாமனாரின் விலாசம், அதாவது பெயரின் முன்னெழுத்துகள். பவ வருஷம் ஆவணி என்றால் 1934. ஆணையர் அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டு, அறிக்கையோடு சேர்த்தார். அரசுத் தரப்பு ‘1990க்குப் பின் வந்த ஆக்கிரமிப்பு’ என்று பதிலுரையில் எழுதியிருந்தது. அந்தத் தாளுக்குப் பிறகு அந்த வாதத்தை அவர்கள் எடுக்கவே இல்லை.

உங்கள் கிணற்றையும் பாருங்கள், ஆச்சி. தொழுவத்தின் உத்தரத்தையும் பின்வாசல் நிலையையும் பாருங்கள். வீட்டு வரவு செலவுப் பேரேடுகளைக் கறையானுக்கு விட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ‘கொல்லைக் கிணறு தூர் எடுத்த கூலி’ என்று ஒரு வரி, தேதியோடு இருந்தால் போதும். கணக்கு எழுதுவது நம் மண்ணின் பழக்கம். அது இப்போது உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

நோட்டீசுக்கான பதிலை நீளமாக எழுத வேண்டாம். இரண்டு பக்கம் போதும். இடம் ஆக்கிரமிப்பு அல்ல, 1938 முதல் கிரய உரிமையோடு வீட்டுக் கொல்லையாக அனுபவிப்பது. பத்திர நகல் இணைப்பு. 1905ஆம் ஆண்டுச் சட்டம் 2ஆம் பிரிவில் கொல்லைக்கு விலக்கு. நீங்கள் சார்ந்திருக்கும் பதிவேடுகளின் நகல்களை எங்களுக்குத் தாருங்கள். நேரில் விசாரித்து, எங்கள் முன்னிலையில் அளந்தபின் முடிவெடுங்கள். இவ்வளவும் இருக்க வேண்டும். கூடவே ஒரு தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள். உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்காக எடுத்த நிலம் பற்றி ஆந்திர அரசு நடத்திய வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் இதே 1905ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்தது. நெடுங்காலமாக அனுபவத்தில் இருப்பவர் நியாயமான உரிமைத் தகராறு ஒன்றை எழுப்பினால், அரசு தன் வழக்கில் தானே நீதிபதியாகிச் சுருக்க விசாரணையில் அவரை வெளியேற்ற முடியாது. அரசுதான் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த் தன் உரிமையை நிலைநாட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு எனக்குத் தெரியாது. பதிலை நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்; ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள்.

இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பொறுத்துத்தான் மதுரையா, இங்கேயே சிவில் வழக்கா என்று முடிவாகும். இதில்தான் நம் பக்கத்தில் பலரும் வழுக்குகிறார்கள்.

மதுரைக் கிளை 2004இல் வந்தபிறகு உயர் நீதிமன்றம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். அதனால் எல்லாத் தகராறையும் ரிட் மனுவாக்கி அங்கே கொண்டுபோகும் பழக்கம் வந்துவிட்டது. அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் பார்ப்பது, அதிகாரி முடிவெடுத்த முறை சரியா என்பதை. நிலம் யாருடையது என்பதை அங்கே சாட்சி விசாரித்துத் தீர்மானிக்கமாட்டார்கள். கிணற்றுக் கல்லை அங்கே கொண்டுபோக முடியாது. நிலம் யாருடையது என்று சொல்ல வேண்டிய இடம் இங்குள்ள உரிமையியல் நீதிமன்றம்.

எனவே தாசில்தார் உங்களை விசாரிக்காமலே உத்தரவு போட்டாலோ, உங்கள் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பழையபடி ஒற்றை வரியில் எழுதினாலோ, உத்தரவு கையில் வந்த மறுநாளே இயந்திரம் வந்து நின்றாலோ, உடனே மதுரைக்குப் போங்கள். மேல்முறையீட்டு வழி இருந்தாலும், இயற்கை நீதி (ஒருவர் தரப்பைக் கேட்டபின்பே அவருக்கு எதிராக முடிவெடுக்க வேண்டும் என்ற நெறி) மீறப்பட்ட இடத்தில் ரிட் மனு நிலைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் வேர்ல்பூல் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிற்பாடு எதிர்வாக்குமூலத்தில் சேர்க்க முடியாது என்று 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் சொன்னதும் உங்களுக்குக் கை கொடுக்கும். கட்டடங்களை இடிக்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறையையும் தொழுவத்துக்காகச் சொல்லலாம்; ஆனால் சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கு அது பொருந்தாது.

அங்கே பெரும்பாலும் கிடைப்பது, ‘மனுதாரரை விசாரித்து, ஆவணங்களைப் பார்த்து, இத்தனை வாரத்தில் புதிதாக முடிவெடுங்கள், அதுவரை இப்போதுள்ள நிலை தொடரட்டும்’ என்ற உத்தரவு. அது நல்ல உத்தரவு. ஆனால் அதைக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, வழக்கு ஜெயித்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. அந்த வாரங்கள் முடியுமுன் சிவில் வழக்கு தயாராக இருக்க வேண்டும்.

மாறாக, தாசில்தார் முறையாக விசாரித்து, காரணம் எழுதி, உங்களுக்கு எதிராக முடிவு செய்தால், ஆக்கிரமிப்புச் சட்டத்திலேயே மேல்முறையீடு இருக்கிறது. அதற்கான கெடு குறைவு, உத்தரவு கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். முந்தைய பட்டா நிராகரிப்புக்கும் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 12ஆம் பிரிவில் தேவகோட்டை கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது, தாமதத்தைப் பொறுக்கக் கேட்டுப் போடலாம், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பட்டாப் பதிவை மாற்றச் சொல்லி அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. கூடவே, உரிமை விளம்புகை, அதாவது ‘இந்த உரிமை இவருடையது’ என்ற நீதிமன்ற அறிவிப்பு, கேட்டு வழக்குப் போடலாம், அந்தத் தீர்ப்பின்படி பட்டா திருத்தப்படும் என்றும் சொல்கிறது. உங்களுக்கு நிரந்தரமான தீர்வு அந்த வழிதான்.

அந்த வழக்கைப் போடும் விதத்தில் சில இடங்களில் கவனம் வேண்டும். அரசின்மேல் வழக்கென்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்தால் போதும். அதை நோட்டீசுக்கான பதிலோடு இதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதம் ஓடத் தொடங்கிவிடும். அவசரமானால் நீதிமன்ற அனுமதியோடு முன்னறிவிப்பின்றியும் தாக்கல் செய்யலாம். ஆனால் அரசுத் தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு கிடைக்காது. பிரதிவாதியாகத் தமிழ்நாடு அரசை, மாவட்ட ஆட்சியர் மூலமாக, கட்டாயம் சேர்க்க வேண்டும். தாசில்தாரையும் கிராம நிர்வாக அலுவலரையும் மட்டும் போட்டுவிட்டு, பத்து ஆண்டு நடத்தியபின் ‘அரசைச் சேர்க்கவில்லை’ என்று தோற்றவர்கள் உண்டு. ஊராட்சியையும் சேருங்கள். வெறும் தடையாணை மட்டும் கேட்காதீர்கள். உரிமையே மறுக்கப்படும்போது விளம்புகையோடு சேர்த்துத்தான் தடை கேட்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. அதற்கு நீதிமன்றக் கட்டணம் இடத்தின் சந்தை மதிப்பில் பாதியை வைத்துக் கணக்கிடப்படும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவிக்கு நீங்கள் உரியவர்.

கெடுவைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உரிமை விளம்புகை வழக்குக்கு, வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. பட்டா நிராகரித்த அன்றே அது எழுந்துவிட்டது என்று அரசு வழக்கறிஞர் வாதாடுவார். அனுபவத்துக்கு மிரட்டல் வந்தது இந்த நோட்டீசில்தான் என்று நாம் சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த விவாதத்துக்கே இடம் கொடுப்பானேன்? இரண்டரை ஆண்டு போய்விட்டது. மீதமிருக்கும் ஆறு மாதத்துக்குள் வழக்கு எண் வாங்கிவிடுங்கள்.

மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கும். அரசுக்கு எதிரான உரிமை வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்கள் மேலோட்டமாகப் பார்க்கக் கூடாது என்று கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. எதிரிடை அனுபவம் என்பது மற்றவர் நிலத்தை நெடுங்காலம் வெளிப்படையாக அனுபவித்ததை வைத்தே உரிமை கோருவது. அதற்குத் தனியாருக்கு எதிராக 12 ஆண்டு போதும். அரசுக்கு எதிராக 30 ஆண்டு வேண்டும். சில வழக்கறிஞர்கள் ‘கிரய உரிமையும் உண்டு, எதிரிடை அனுபவமும் உண்டு’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள். எதிரிடை அனுபவம் என்றாலே மற்றவர் நிலம் என்று ஒப்புக்கொண்டதாகும். கையில் 1938 பத்திரம் இருக்கும்போது அதன்மேல் நில்லுங்கள்.

பிள்ளைகள் இருவரும், இதில் பங்குள்ள பங்காளிகள் எல்லாரும் வாதிகளாக இருப்பது நல்லது. சிங்கப்பூரில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு உங்களுக்குப் பவர் பத்திரம் அனுப்பலாம்; அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

ஊராட்சிக் கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடம்தான் வேண்டுமென்றால் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் இருக்கிறது. அறிவித்து, விசாரித்து, இழப்பீடு கொடுத்து எடுக்கலாம். சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவு சொல்கிறது. இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காக, உடையவரை ஆக்கிரமிப்பாளர் ஆக்குவதைத்தான் எதிர்க்கிறோம். பதிலிலும் இதே தொனி இருக்கட்டும். ஊரோடு பகை வேண்டாம்.

இனி ஊருணி. வழக்குப் போடுமுன், உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். பழைய புலப்படத்தில் ஊருணியின் கரை எங்கே முடிகிறதோ அங்கே கல்லைத் தேடுங்கள். வேலி அந்தக் கோட்டைத் தாண்டி வடக்கே போயிருந்தால், அது இரண்டு சென்ட்டானாலும் ஐந்து சென்ட்டானாலும், வேலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கிராமப் பொது நிலங்களையும் குளங்களையும் எத்தனை காலம் அனுபவித்திருந்தாலும் விட்டுத்தர வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சொல்லியிருக்கிறது. நீர்நிலை என்றால் எந்த நீதிமன்றமும் உங்கள் பக்கம் நிற்காது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மழைநீரைத் தேக்கிக் குடிக்க இந்த ஊருணிகளை வெட்டிவைத்தவர்கள் உங்கள் வீட்டைக் கட்டிய தலைமுறையினரும்தான். அந்த ஐந்து சென்ட்டைத் தக்கவைக்கப் போய் 37 சென்ட்டையும் இழந்துவிடாதீர்கள்.

பத்திரத்தின் அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். வண்ண நகல் போதும். நான்கெல்லை எழுதிய பக்கத்தையும், கிணறு, தொழுவம், பின்வாசல் ஆகியவற்றின் படங்களையும், அன்றைய செய்தித்தாளை முன்னால் வைத்து எடுத்து, மூத்தவரிடம் சொல்லி நாளைக்குள் அனுப்பச் சொல்லுங்கள். பதிலின் வரைவை அதற்கு மறுநாள் அனுப்பிவைக்கிறேன்.